சுவர் யாருடையது? சசூன் துறைக் கண்காட்சியும் தங்கவயலின் பழங்கட்டடங்களும்

1. கேள்வி

மூடிய ஆலை, பயன்பாட்டில் இல்லாத சரக்குக் கிடங்கு, பழைய வணிக நிறுவனத்தின் அலுவலகம் போன்ற கட்டடங்களை ஓவியர்களிடம் ஒப்படைத்து, சில வாரங்களோ மாதங்களோ பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் இந்தியாவில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பியனாலேவுக்கு மைய இடமாக அமைந்தது, 1867இல் உருவான ஆஸ்பின்வால் நிறுவனத்தின் கடலோர வளாகம். தேங்காயெண்ணெயும் மிளகும் கயிறும் ஏற்றுமதியான இடம் அது. தில்லியில் ஆங்கிலேயர் தங்கள் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கட்டிய லோதி காலனி அரசுக் குடியிருப்பின் சுவர்கள் 2015-16 முதல் ஓவியங்களால் நிறைந்தன. மும்பையின் சசூன் துறையில் 2017இல் கிடங்குகளே கண்காட்சிக் கூடங்களாயின.

இம்முயற்சிகளைப் பற்றி வந்திருக்கும் எழுத்துகளில் பெரும்பாலானவை ஓவியங்களின் அழகையும் நகரத்துக்குக் கிடைத்த புதுப்பொலிவையும் பேசுகின்றன. இக்கட்டுரை வேறொரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உழைப்பாளிகளின் வியர்வையால் வரலாறு பெற்ற ஒரு கட்டடத்தில் தெருவோவியக் கண்காட்சி நடக்கும்போது, அவ்வுழைப்பாளிகளுக்கு அங்கே என்ன இடம் தரப்படுகிறது? சுவரில் படமாக இருக்கும் இடமா, சுவரில் என்ன வர வேண்டும் என்று தீர்மானிக்கும் இடமா?

கேள்வி பொதுவானது. அதை நான் கேட்பது கோலார் தங்கவயலை மனத்தில் வைத்துத்தான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கி, ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்து, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சுரங்கங்கள் அவை. இயந்திர அறைகள், சாரக் கோபுரங்கள், ஆலைகள், மருத்துவமனை, துரைமார் பங்களாக்கள், 1885இல் தொடங்கிய கிளப், தொழிலாளர் லைன்கள் என ஒரு நகரமே பழங்கட்டடமாக நிற்கிறது. சுற்றுலா, பாரம்பரியம், திரைப்படம் என்று பல திசைகளிலிருந்தும் அதன்மேல் இப்போது கண் விழுந்திருக்கிறது. கொச்சியிலும் மும்பையிலும் நடந்ததுபோல் ஒரு கண்காட்சி இங்கும் வருவதற்குத் தடையொன்றும் இல்லை. வருமுன் யோசித்துவைப்பது நல்லது.

2. சசூன் துறை: நன்றாகச் செய்யப்பட்ட ஒரு முயற்சி

தென்மும்பையின் கொலாபா பகுதியிலுள்ள சசூன் துறை 1875இல் திறக்கப்பட்டது. பருத்தியிலும் அபினியிலும் பெரும்பொருள் ஈட்டிய பக்தாத் யூத வணிகக் குடும்பமான சசூன்கள் கட்டியது. பருத்திப் பொதிகள் போன பிறகு அது மீன்துறையாயிற்று. இன்று மும்பையின் மிகப் பழைய மீன்சந்தைகளில் ஒன்று. விடியுமுன் படகுகள் வந்து சேர, ஏலம் கூவப்படும். கோலி மீனவப் பெண்கள் கூடைகளோடு பேரம் பேசுவார்கள். தரையில் வரிசையாக அமர்ந்து இறால் தோலுரிக்கும் பெண்களின் கைகள் ஓயாமல் இயங்கும். இது காட்சிக்காக வைக்கப்பட்ட பழமை அன்று. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடும் வேலையிடம்.

இங்கேதான் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை 2017 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சசூன் துறைக் கலைத்திட்டத்தை நடத்தியது. இடம் துறைமுகப் பொறுப்புக் கழகத்துடையது. கண்காட்சி நடந்த கிடங்குக்குப் போக வேண்டுமானால் மீன்துறையைக் கடந்தே போக வேண்டும். ஈரத் தரை, ஐஸ் வண்டி, வாடை, தலைச்சுமைக்காரர்கள் என அனைத்தையும் தாண்டித்தான் பார்வையாளர் ஓவியத்தைப் பார்க்க முடிந்தது. கொலாபாவிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தும் அத்துறைக்குள் காலெடுத்து வைக்காத பலர் முதன்முதலாக உள்ளே வந்தார்கள். இதை நான் சிறிய பலனாகக் கருதவில்லை.

படைப்புகளிலும் இடத்தைப் பற்றிய அக்கறை இருந்தது. வருவோர் மூக்கைப் பிடித்துக்கொள்வதையே பொருளாக எடுத்து, உயர்ரக வாசனைத் திரவிய விளம்பரத்தின் பாணியில் சமீர் குலவூர் ஒரு படைப்பைச் செய்தார். சிங்கப்பூர் ஓவியர் டான் ஸி ஷி கடலில் கலக்கும் பிளாஸ்டிக் கழிவுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, பார்ப்பவர் கடலடியில் நிற்பதுபோல் உணரச் செய்தார். பிரெஞ்சுக் கலைஞர் ஜே.ஆர். தொடங்கிய ‘இன்சைட் அவுட்’ திட்டத்தின் கீழ், துறையில் வேலைசெய்பவர்களின் முகங்கள் பெரிய கறுப்பு-வெள்ளைச் சுவரொட்டிகளாக ஒட்டப்பட்டன. பெங்களூருவில் 2016இல் தொடங்கிய அரவாணி ஆர்ட் புராஜெக்ட்டைச் சேர்ந்த திருநங்கையரும் தோழியரும் அங்கே சுவரோவியம் வரைந்தனர். 2022 டிசம்பரிலிருந்து 2023 பிப்ரவரிவரை மும்பை நகர்ப்புறக் கலைவிழா என்ற பெயரில் கண்காட்சி மறுபடி அதே துறைக்கு வந்தது.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று உறுத்துகிறது. முகம் ஒட்டப்பட்டது மீனவருடையது. எந்த முகம், எந்த அளவில், எந்தச் சுவரில் என்ற முடிவு ஏற்பாட்டாளருடையது. மீனவர் அமர்ந்து கொடுத்தார், மற்றவர் எடுத்தார். இறால் தோலுரிக்கும் பெண்ணுக்கு நாள்கூலி என்ன, துறையில் கழிப்பறை உண்டா, அடுத்த பத்தாண்டில் இந்த இடம் மீன்துறையாகவே நீடிக்குமா ஆகிய கேள்விகளுக்குக் கண்காட்சி விடைசொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அக்கேள்விகளைக் கேட்கும் இடமாகவாவது அது இருந்திருக்கலாம். அரவாணி குழுவின் பணி இங்கே தனித்து நிற்பதற்குக் காரணம் எளிது. அங்கே வரையப்படுபவரும் வரைபவரும் ஒரே சமூகத்தினர்.

3. இருவேறு விளக்கங்கள்

இத்தகைய கண்காட்சிகளை மதிப்பிடுவோர் பொதுவாக இரண்டாகப் பிரிகிறார்கள். கலைக்கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்குபவரிடம் கலை தானாக வருகிறது, பாழடைந்து இடிக்கப்பட இருந்த கட்டடத்தின்மேல் அரசின் பார்வை திரும்புகிறது என்பார்கள் ஒரு சாரார். ஓவியம் வந்தால் காப்பிக் கடை வரும், வாடகை ஏறும், ஏழைகள் இடம்பெயர்வார்கள், வண்ணம் முன்னே வர வெளியேற்றம் பின்னே வரும் என்பது மற்றொரு சாராரின் வாதம். நியூயார்க்கையும் லண்டனையும் வைத்து எழுதப்பட்ட இந்த இரண்டாவது விளக்கத்தை நம் ஊர்களுக்கு அப்படியே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே வெளியேற்றம் பெரும்பாலும் ஓவியத்துக்காகக் காத்திருப்பதில்லை. முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

சென்னைக் கண்ணகி நகர் இதற்குச் சான்று. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் 2000 முதல் அங்கே குடியேற்றப்பட்டன. 2020இல் அதன் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தன. மாநகராட்சியும் ஒரு வண்ணப்பூச்சு நிறுவனமும் துணைநின்றன. ‘கண்ணகி நகரா?’ என்று முகம் சுளித்தவர்கள் படம் பார்க்க வந்தார்கள். ஊருக்கு ஒட்டியிருந்த அவப்பெயர் கொஞ்சம் உதிர்ந்தது உண்மை. வேலையிடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுவந்து விடப்பட்டதன் கதை அச்சுவர்களில் அழுத்தமாக வரவில்லை என்பதும் உண்மை.

மூன்றாவது பார்வை ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டுச் சுவர்களின் வரலாற்றை எழுதியவர்களிடமிருந்து கிடைப்பது அது. பிரெமிண்டா ஜேக்கப் 2009இல் வெளியிட்ட நூல் சினிமா பேனரையும் கட்சிக் கட்-அவுட்டையும் ஒரே கைகளின் வேலையாக ஆராய்ந்தது. ரூஸ் கெரிட்சன் 2019இல் வெளிவந்த தம் நூலில், ரசிகர் மன்றச் சுவரொட்டிகளும் சுவரெழுத்துகளும் நிறைந்திருந்த சென்னைத் தெருக்களில், அவற்றைத் தடுக்கவென்றே மாநகராட்சி பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்ததைக் கவனித்து எழுதினார். 2009 வாக்கில் நடந்தது அது. பரதநாட்டியமும் கோபுரமும் ஜல்லிக்கட்டும் அண்ணா சாலைச் சுவர்களில் ஏறின. ஏற்றியவர்கள் யார்? டிஜிட்டல் பேனர் வந்து பிழைப்பை இழந்திருந்த பழைய பேனர் ஓவியர்கள். ஒரு சுவரில் படம் வருவதென்றால் அங்கே முன்பிருந்த வேறொரு எழுத்து அழிக்கப்பட்டிருக்கலாம் என்பதே இந்த ஆய்வுகள் தரும் முக்கியப் பாடம். மூன்று விளக்கங்களிலும் இதையே நான் பயனுள்ளதாகக் கருதுகிறேன். தெருவோவியத்தை மதிப்பிட, அது எதன்மேல் வரையப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும்.

4. தங்கவயலின் சுவர் வெறுஞ்சுவரா?

தங்கவயலைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை ‘குட்டி இங்கிலாந்து’. லாவெல் என்ற முன்னாள் படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார்; 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது; 1902 ஜூனில் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது; பெங்களூருவுக்கு முன்பே இங்கே விளக்கெரிந்தது. பின்னர் கிளப், கோல்ஃப், ஓட்டுக்கூரை பங்களா, ரோஜாத் தோட்டம். பழைய கட்டடங்களைப் பாரம்பரியச் சின்னமாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கதையே முன்னுக்கு வருகிறது. அதற்குரிய கட்டடங்கள்தாம் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டு இன்றும் நிற்கின்றன.

தொழிலாளர்களுக்குக் கட்டப்பட்டவை அப்படி நிற்கவில்லை. மூங்கில் தட்டியும் தகரமும் வைத்துக் கட்டிய ஒற்றை அறைகளில் குடும்பங்கள் வாழ்ந்ததை ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட மைசூர்த் தொழிலாளர் வரலாறு விரிவாக எடுத்துரைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் சுரங்கங்களில் வேலைசெய்தார்கள். வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித்துகள். ‘கேஜ்’ எனப்படும் கூண்டில் ஏறி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றான சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். பாறை வெடிப்பில் இறந்தவர்களும் பாறைத் தூளால் நுரையீரல் கெட்டு இறந்தவர்களும் ஏராளம். கல் பங்களாவை மட்டும் பாரம்பரியமென்று எடுத்தால் இவர்கள் வரலாற்றிலிருந்து இரண்டாம் முறை வெளியேற்றப்படுகிறார்கள்.

இவர்களிடம் எழுத்து இருந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் வாசகர்களும் புரவலர்களும் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் இயங்கியது. அவர் மறைந்து சில ஆண்டுகள் கழிந்து, 1926 முதல் ‘தமிழன்’ மறுபடி வெளிவந்தது தங்கவயலிலிருந்துதான், ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்தா புத்தகசாலை என்ற பெயரில் நூல்கள் அச்சேறின. பகலில் பாறை உடைத்தவர்கள் மாலையில் கூட்டம் நடத்தினார்கள், பத்திரிகை படித்தார்கள், வாதிட்டார்கள். ஜி. அலாய்சியஸ் 1998இல் எழுதிய தமிழ்ப் பௌத்த இயக்க ஆய்வில் தங்கவயல் இவ்வளவு பெரிய இடம் பெறுவதற்கு இதுவே காரணம்.

கைக்குறியைப் பற்றியும் இவ்வூரில் ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. 1930இல் தொழிலாளர்களைக் கைரேகை பதித்துப் பதிவுசெய்ய நிர்வாகம் முனைந்தபோது, அது குற்றவாளிகளைப் போல் தங்களை நடத்துவதாகும் என்று எதிர்த்துச் சுரங்கங்கள் முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. 1946இல் மேலும் நீண்ட வேலைநிறுத்தம்; அவ்வாண்டு நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களுக்குத் தியாகிகள் நாள் இன்றும் அனுசரிக்கப்படுகிறது. பங்கேற்புக் கலை என்ற பெயரில் உள்ளூர் மக்களின் கையை வண்ணத்தில் தோய்த்துச் சுவரில் பதிக்கச் செய்வது தெருவோவிய விழாக்களில் வழக்கமான நிகழ்ச்சி. தங்கவயலில் அதைச் செய்ய வருபவர், கைப்பதிவை மறுத்து இவ்வூர் வேலையை நிறுத்திய ஆண்டு ஒன்று உண்டென்று அறிந்துவர வேண்டும்.

இனி சுவரெழுத்து. தமிழ் பேசும் தொழிலாளர் ஊர்களில் சுவரெழுதும் முறை எல்லோரும் அறிந்ததுதான். அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மாநாடோ தேர்தலோ வருவதற்கு மாதங்கள் முன்பே ஒருவர் போய்ச் சுவருக்கு வெள்ளையடித்து, மூலையில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி முன்பதிவு செய்துவிடுவார். பிறகு எழுத்தாளர் வருவார். இருவர் ஆளுக்கொரு முனையில் நீலப்பொடி தோய்த்த நூலை இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். கோட்டுக்குள் எழுத்துகளைக் கரிக்கட்டியால் ஒற்றி, தட்டைத் தூரிகையால் நிரப்பி, வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நிழல் கொடுப்பார். ‘ழ’வின் வாலையும் ‘ஞ’வின் சுழியையும் எழுதுவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு. தொழிற்சங்கம், அம்பேத்கர் மன்றம், புத்த விகாரை, மாதா கோயில் திருவிழா, திரைப்படம் என எல்லாவற்றுக்கும் அதே கை எழுதும். ஸ்டார்ட் இந்தியாவை நிறுவியவர்களுள் ஒருவரான ஹனீஃப் குரேஷி (2024இல் மறைந்தார்) விளம்பரப்பலகை எழுதுவோரின் எழுத்துருக்களைத் திரட்டிக் காப்பதில்தான் தம் பணியைத் தொடங்கினார் என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். அந்தத் தொடக்கம் பிற்காலத்துப் பெரிய விழாக்களைக் காட்டிலும் தங்கவயலுக்குப் பொருத்தமானது.

சட்டம் சுவரெழுத்தையும் விழா ஓவியத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959இலும் கர்நாடகத்தில் 1981இலும் இயற்றப்பட்டது. சங்கத்துக்காரர் அனுமதியின்றி எழுதினால் வழக்கு. அனுமதி பெற்று நிறுவனம் வரைந்தால் விழா. அனுமதி பெறும் வசதி யாருக்கு உண்டு என்பதே இங்கு வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. 1956 மாநிலச் சீரமைப்பில் மைசூர் மாநிலத்தோடு நின்ற இந்தத் தமிழ் ஊரில், எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்துகொள்கிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் அனைத்தும் புழங்கும் ஊர் அது. மொழியை ஒதுக்கிவிட்டு உருவத்தை மட்டும் வரைவது பாதுகாப்பான வழியாகத் தோன்றலாம். அது ஊரை ஊமையாக்கும் வழி என்பது என் கருத்து.

5. கரியால் வரைந்தவர்

சுரங்கத்தையும் சுவரையும் இணைத்த ஓர் இந்தியக் கலைஞரின் பணி இங்கே வழிகாட்டும். பிரபாகர் பச்புதே 1986இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். கண்காட்சிக் கூடத்தின் சுவரிலேயே கரியால் நேரடியாக வரைவது அவருடைய முறை. தலைக்குப் பதில் விளக்கோ கருவியோ தாங்கிய மனிதர்கள், குடையப்பட்ட நிலம், களைத்த கால்கள் என அவருடைய உருவங்கள் சுவரெங்கும் நடக்கும். கண்காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவார்கள், கரி மறைந்துபோகும். சுரங்கத்தில் தோண்டி எடுக்கப்படும் பொருளின் உறவுப்பொருளைக்கொண்டே சுரங்கக்காரரை வரைந்து, அதையும் நிலைக்கவிடாமல் செய்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. உலகக் கலைக்கூடங்கள் அவரை அழைக்கின்றன; அவர் பேசுவதோ தம் ஊரைப் பற்றி.

தங்கவயலில் கரி இல்லை, தூசு இருக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண் குன்று குன்றாக நிற்கிறது; அளவு 3 கோடி டன்னுக்கு மேல். காற்றடிக்கும் பருவத்தில் வெண்மண் வீட்டுக்குள் வந்து தட்டிலும் பாயிலும் படியும் என்று ஊரார் சொல்வார்கள். அந்தக் குன்றுகளில்தான் ‘கே.ஜி.எஃப்’ திரைப்படத்தின் அரங்குகள் எழுந்தன. 2018இலும் 2022இலும் வெளிவந்த அப்படங்களால் ஊரின் பெயர் உலகெங்கும் பரவியது. ஊர்க்காரர்களின் வரலாறு அவற்றில் இல்லை. ஒரு தனிவீரனின் கற்பனைக் கதைக்கு இந்த மண் பின்னணி ஆயிற்று. 2024இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ அந்த இடைவெளியை அறிந்து, மண்ணையும் அதைத் தோண்டியவர்களையும் பிணைத்துப் பார்த்தது. அதன் புனைவு உத்திகளைப் பற்றி மாற்றுக் கருத்து இருக்கலாம்; யாருடைய கதை என்ற கேள்வியில் அது தெளிவாக நின்றது. தெருவோவியம் தங்கவயலுக்கு வந்தால் இந்த இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நடுப்பாதையாக அழகிய பறவைகளையும் பூக்களையும் வரைவதென்றால், அதற்குத் தங்கவயல் தேவையில்லை.

6. சாடோ: இன்னொரு தங்கச் சுரங்கம்

பழைய சுரங்கக் கட்டடத்தில் எதைக் காட்சிக்கு வைப்பது என்பது நாடுகளுக்கிடையிலான வழக்காகவும் மாறக்கூடும். ஜப்பானின் சாடோ தீவிலுள்ள தங்கச் சுரங்கம் பல நூற்றாண்டுகள் இயங்கி 1989இல் மூடப்பட்டது. அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்க ஜப்பான் விண்ணப்பித்தபோது, பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரையான கைத்தொழில் நுட்பத்தை மட்டுமே முன்வைத்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஏறத்தாழ 1,500 கொரியர்கள் அங்கே வேலைக்குக் கொண்டுவரப்பட்டதைக் காலவரம்பு வசதியாக வெளியே தள்ளியது. தென்கொரியா எதிர்த்தது. கொரியத் தொழிலாளர்களைப் பற்றிய காட்சிகளை அருங்காட்சியகத்தில் வைக்க ஜப்பான் ஒப்புக்கொண்ட பிறகே 2024 ஜூலையில் சாடோ பட்டியலில் சேர்ந்தது. அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டம் நடந்தது புதுதில்லியில். அதே ஆண்டு நவம்பரில் நடந்த நினைவுநிகழ்ச்சியைத் தென்கொரியா புறக்கணித்தது. கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்ற உண்மை தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது அவர்களின் குறை.

தங்கவயலின் தொழிலாளர்களுக்காக வழக்காட அயல்நாட்டு அரசு எதுவும் இல்லை. காலவரம்பைக் குறிப்பதிலேயே வரலாற்றை வெட்டிவிட முடியும் என்பதை சாடோ காட்டுகிறது. ‘ஆங்கிலேயர் காலத் தங்கவயல்’ என்று ஒரு கண்காட்சிக்குத் தலைப்பிட்டால் 1956இல் அரசுடைமையானது, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது, 2001இல் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தது ஆகிய அனைத்தும் வெளியே போய்விடும். சாம்பியன் ரீஃப் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்து முதன்முதலாக அறிவித்த அறிவியல் சாதனையும், அக்கருவிகளைக் கீழே இறக்க உதவிய தொழிலாளர்களும் சேர்ந்தே போவார்கள்.

7. கட்டடத்தின் தரப்பு

ஓவியர்கள் அதிகம் கவலைப்படாத ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியேவும் விடும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும்; உப்புப் பூத்து, இரண்டு மூன்று மழைக்குள் பூச்சும் சாந்தும் சேர்ந்தே பெயர்ந்து விழும். படத்துக்காகக் கட்டடத்தைத் திறந்து, அந்தப் படத்தாலேயே கட்டடத்தைக் கெடுப்பது தகாது. சுண்ணாம்பு நீரில் கலந்த மண் நிறங்களோ கழற்றி எடுக்கக்கூடிய தட்டிகளோ போதும். மூடிய சுரங்கங்களில் நீர் நிரம்பிக் கிடக்கிறது. கைவிடப்பட்ட குழிகளில் இறங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கட்டடத்துக்குள் மக்களை விடலாம் என்பதைச் சுரங்கப் பொறியாளரே சொல்ல வேண்டும்.

8. முடிவும் கோரிக்கையும்

என் முடிவு இது. உழைப்பாளியைப் படமாக வரைவது மட்டும் அவருக்கு இடம் தந்ததாகாது. சசூன் துறை பார்வையாளரைத் தொழிலாளியின் அருகே கொண்டுவந்தது. அதற்கு மேல் போகவில்லை. தங்கவயலில் அங்கிருந்து தொடங்கி அடுத்த அடி எடுத்துவைக்க முடியும். சுவர்களின் உரிமையாளர் மத்திய அரசின் நிறுவனம். லைன் வீடுகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் அவ்வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு நெடுங்காலமாக அலைகின்றன. அந்த வீட்டுச் சுவரில் படம் வரைய ஓவியர் அனுமதி கேட்பது யாரிடம்? குடியிருப்பவரிடம் கேட்காமல் நிறுவனத்திடம் மட்டும் கேட்டு நடத்தும் கண்காட்சி எவ்வளவு அழகாக அமைந்தாலும் தவறானது என்றே சொல்வேன்.

வரிசை முக்கியம். ஊரில் எஞ்சியிருக்கும் சுவரெழுத்துகள், சங்கக் கொடிமேடைகள், விகாரைப் படங்கள், கடைப்பலகைகள், எழுதிய கைகளின் பெயர்கள் அனைத்தும் முதலில் பதிவாக வேண்டும். முன்னாள் தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும் பெரும்பான்மையாக உள்ள ஒரு குழு, எந்தக் கட்டடம், எந்தச் சுவர், எந்த மொழி என்று தீர்மானிக்க வேண்டும். உள்ளூர்ச் சுவரெழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் கூலியும் பெயரும் முதலில் கிடைக்க வேண்டும். வெளியூர்க் கலைஞர்கள் அதன்பின் விருந்தினராக வரட்டும்; வரவேற்போம்.

இதற்குக் கால அவகாசம் அதிகமில்லை. சயனைடு மண்குன்றுகளிலிருந்து மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்க மத்திய அரசு முன்வைத்த திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்துவிட்டது. குன்றுகள் வெட்டப்படும்போது ஊரின் தோற்றமே மாறும். காலையில் பெங்களூரு ரயிலேறி இரவில் திரும்பும் இளைஞர்களுக்குத் தங்கள் பாட்டனின் லைனைச் சுற்றிப் பார்க்கவும் நேரமில்லை. சுரங்கத்தில் கடைசியாக வேலைசெய்த தலைமுறையினரில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பாரத் தங்கச் சுரங்க நிறுவனமும் கர்நாடகத் தொல்லியல் துறையும் தங்கவயல் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அவர்கள் இருக்கும்போதே அந்தப் பதிவுப் பணியை இவ்வாண்டே தொடங்க வேண்டும்.